ஏழாவது கட்டம்

— அந்தக் கம்ப்யூட்டர விட்டுட்டு இங்கிட்டுத் திரும்பு மாஜிதா. அதப் பாத்துக்கிட்டே எங்கிட்டப் பேசாத.

— கல்யாணக் கார்டு ஒண்ணு அவசரம், மாடத்தியக்கா. செத்த நேரம் ஸ்டூல்ல ஒக்காருங்க, முடிச்சிட்டு வாரேன்.

— ஒக்கார வரல தாயி. மில்லு கேட்டுல நோட்டீசு ஒட்டிருக்காக. வாட்ச்மேன் சுப்புராஜ் வாசிச்சுச் சொன்னாக. எங்க நூல் சுத்துற கோன் வைண்டிங்குல நாப்பத்தியேழு பொம்பளைக, தானா விருப்பப்பட்டு வேலைய விட்டு விலகிட்டாகளாம். நாளையிலருந்து உள்ள வர வேண்டாமாம்.

— விலகுறோம்னு யாரு எழுதிக் குடுத்தாக?

— நாங்கதான். வில்லிபுத்தூர் போற ரோட்டுல ஆளுக்கு ரெண்டு சென்டு மனைன்னு சங்கத் தலைவரு ஐயாதுரை சொன்னாருல்ல, அதுக்கு நீ அடிச்சுக் குடுத்த ஃபாரம். அதுல ஏழாவதா, வேலைய விட்டு விலகச் சம்மதம்னு ஒரு வரி இருக்காம். எம்பதுல சேந்தவ நான். பதினெட்டு வருசம். அந்த வருசம் அம்புட்டும் ஒரு வரியில போயிரும்னு எனக்குத் தெரியாது.

— நான் டைப் அடிக்கிறவக்கா. ஒரு நாளைக்கு அம்பது தாளு வருது. அம்புட்டையுமா வாசிச்சுக்கிட்டு இருப்பேன், அல்லா அறிய?

— அல்லாவ இழுக்காத. அந்த ஃபாரத்துக்காக நான் அஞ்சு நா இதே ஸ்டூல்ல ஒக்காந்தது மறந்து போச்சா? மில்லுல குடுத்த பழைய ஃபாரம் நாலு பக்கம். பூர்த்தியா இல்லைன்னு மூணு தடவ திருப்பி விட்டாக. நீதான சொன்ன, 'ஒங்க மேல குத்தமில்லக்கா, ஃபாரத்து மேலதான் குத்தம்'னு. அன்னைக்கு நான் அழுதேன். அப்பிடி ஒரு சொல்ல எனக்கு யாரும் சொன்னதில்ல.

— இப்பவும் அதத்தான் சொல்லுதேன். ஒரே தாளாக்குனேன். எழுத்தப் பெருசாக்குனேன். ஒரு கேள்விக்கு ஒரு வரி வச்சேன். ஒங்களையே நிரப்பச் சொல்லிப் பக்கத்துல இருந்து பாத்து, ஒங்க பேனா எங்கெல்லாம் நின்னுச்சோ அங்கெல்லாம் மாத்துனேன்.

— பேனா நின்னது டிக் போடுற கட்டத்துல. எதுல போட, எதுல விடன்னு வெளங்காம எல்லாரும் வெறுங்கட்டமா விட்டுட்டுல்ல வந்தோம். நாந்தான் கோட்டிக்காரி மாதிரி சொன்னேன், 'எல்லாத்துக்கும் ஆமான்னுதான் போடப்போறோம், அந்த டிக்க நீயே அச்சுல போட்டுரு'ன்னு.

— நல்ல யோசனைதான அது. சொந்த வீடு இல்லை, ரேஷன் கார்டு இருக்கு... எல்லாத்துக்கும் ஆமாதான.

— அப்ப ஆறு கட்டந்தான் இருந்துச்சு. வெரல் வச்சு எண்ணுனேன். கீழ கையெழுத்துக்கு ஒரு அம்புக்குறி போட்ட. அத மட்டும் பாத்தாப் போதும்ன. வீடு வீடாக் கொண்டு போனது நாந்தான. 'நம்ம மாஜிதா செஞ்சது, வாசிக்கக்கூட வேண்டாம்'னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். வெள்ளத்தாய் ரெண்டே நிமிசத்துல கையெழுத்துப் போட்டா. அவ புருசன் படுத்த படுக்கையாக் கெடக்கான். இனி அவ எங்க போவா?

— ஐயாதுரை அண்ணாச்சி கடைசி நேரத்துல ஒரு சீட்டக் கொண்டாந்து, இந்த வரியையும் சேத்துரும்மான்னாரு. மத்ததுக்குப் போட்ட மாதிரியே டிக்கும் போட்டுச் சேத்தேன். அம்புட்டுத்தான்.

— வாசிக்காமலா?

— கடையில கூட்டமா இருந்துச்சுக்கா.

— எழுத்தெழுத்தாத்தான தட்டணும். வாசிக்காம எப்பிடித் தட்டுவ?

— என்னைய என்ன செய்யச் சொல்லுதீக?

— ஒன் தம்பி அய்யூப்புக்கு எங்க மில்லு டைம் ஆபீசுல வேலைக்கு ஆர்டர் வந்துருச்சாமே.

— அது வேற. அவன் பி.காம் படிச்சவன். மூணு வருசமா அலைஞ்சான்.

— என்னைக்கு வந்துச்சு?

— போன வெள்ளிக்கெழம.

— நாங்க ஃபாரத்தக் குடுத்தது வியாழக்கெழம. என்ன நாஞ் சொல்றது.

— அவன விட்டுருங்கக்கா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

— விட்டுட்டேன். வேற ஒண்ணு கேக்கேன். ஃபாரம் குடுத்தது நாப்பத்தெட்டு பேரு. நோட்டீசுல இருக்கது நாப்பத்தியேழு. எம் பேரு இல்ல. மூணு தடவ வாசிக்கச் சொல்லிட்டேன். இல்ல.

— அப்ப ஒங்க வேல நிக்குதுல்ல. அல்லா காப்பாத்திட்டான்.

— இதா காப்பாத்துறது? கேட்டு முன்னாலயே வெள்ளத்தாய் என் சேலையப் புடிச்சு இழுத்தா. 'வீடு வீடாக் கொண்டாந்து எங்கள வித்துட்டு நீ மட்டும் நிக்கியாட்டி'ன்னு மூஞ்சியில துப்புனா. பதினெட்டு வருசமா ஒரே தூக்குச்சட்டியில தின்னவ. நான் ஐயாதுரைக்கு ஆளுன்னு அம்புட்டு பேரும் பேசுறாக. அவுகளுக்கு அடிச்ச தாளுதான எனக்கும் அடிச்ச. நீதான எம் பேர அச்சுலயே போட்டு, 'எங்க அக்காவுக்கு மட்டும் இது'ன்னு தனியா எடுத்துக் குடுத்த. அத நான் டிபார்ட்மென்டு முழுக்கத் தூக்கிக் காட்டிட்டுத் திரிஞ்சேன்.

— தெரியும்க்கா.

— பொறவு எப்பிடி எம் பேரு மட்டும் இல்லாமப் போச்சு? சொல்லு தாயி. அவுககிட்டப் போயி நான் என்ன சொல்ல?

— பேரு போடுறதுக்காக ஒங்க தாளத் தனியா அடிக்கலக்கா. அந்த ஏழாவது கட்டத்த ஒங்களுக்கு மட்டும் வெறுங்கட்டமா விடணும்னுதான் அடிச்சேன்.