சிவப்பு அம்பு ஒட்டிய வீடு

ஹலோ... ஆமா சார், நான்தான். இந்த நம்பர்ல வேற யார் எடுக்கப் போறாங்க... சொல்லுங்க. காலையிலேர்ந்து உங்க குரலைக் கேக்கலையேன்னு நானே கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன்... இல்ல சார், கிண்டல் இல்ல. வீட்டு ஓனரைக் கிண்டல் பண்ற நிலைமையிலயா நான் இருக்கேன்...

ம்... ம்... முந்தாநாளே வந்தாங்க சார். பேங்க்ல வேலை பாக்கறவரும் அவர் சம்சாரமும்தானே. வந்தாங்க, பாத்தாங்க, வந்த வேகத்துலயே இறங்கிப் போயிட்டாங்க... நானா விரட்டினேன்? வாங்கன்னேன், உக்காருங்கன்னேன், காபி வேணுமான்னுகூடக் கேட்டேன். வேணாம்னுட்டாங்க. நல்ல வேளை, வீட்டுல பால் இல்ல...

என்னது... சுவத்துல சிவப்பா... ஓ, அதுவா. அது அம்புக்குறி சார். ஸ்டிக்கர்... என் வேலையில கிடைச்சது... அட, உங்களுக்குத்தான் தெரியுமே, நான் துணிக் கம்பெனியில செக்கிங்ல இருந்தேன்னு. தைச்சு வர்ற சட்டையில எங்க நூல் விட்டிருக்கு, எங்க கறை இருக்குன்னு பாத்து, அந்த இடத்துல சின்னதா ஒரு அம்பு ஒட்டணும். அடுத்து இருக்கறவங்க அதைப் பாத்துச் சரி பண்ணுவாங்க... ஆமா, ஆமா, இப்ப அந்த வேலைக்குக் கேமரா வெச்சுட்டாங்க. அது டீ குடிக்கப் போகாதாம். மகளுக்குக் காய்ச்சல்னு லீவு கேக்காதாம். எங்களை வீட்டுக்கு அனுப்பற அவசரத்துல ஸ்டிக்கரைத் திருப்பிக் கேக்க மறந்துட்டாங்க. பாதி ரோல் என் பையிலயே வந்துடுச்சு...

ஏன் ஒட்டினேன்னா... நீங்கதானே சார் சொன்னீங்க, வர்றவங்களுக்கு ஒரு மூலை விடாம சுத்திக் காட்டும்மான்னு. அடுப்புல வேலையா இருக்கும்போது ஒவ்வொருத்தர் பின்னாடியும் நடக்க முடியுமா. அதான், அம்பைப் பாத்து அவங்களே தெரிஞ்சுக்கட்டும்னு... சமையல்கட்டு ஈரச் சுவருக்கு ரெண்டு மூணு. மூடாத ஜன்னலுக்கு ஒண்ணு. திறக்காத ஜன்னலுக்கு ஒண்ணு... குளியலறையிலயா? அங்க ஒட்டவே இல்ல சார். எந்தக் குறைக்குன்னு ஒட்டறது. கதவு மேலயே ஒண்ணை ஒட்டிட்டு வந்துட்டேன்...

இருங்க... இருங்க, போனைக் கிட்ட கொண்டு போறேன், கேளுங்க... கேக்குதா... மழையெல்லாம் இல்ல சார். மாடி வீட்டுக்காரர் குளிக்கிறாரு. அவர் குளிச்சா எங்க வீட்டுல பாதிப் பேர் நனைஞ்சுடுவோம். இருக்கிறதே ரெண்டு பேர்...

வேணும்னேயா... சே சே. என்ன சார், இப்படிச் சொல்லிட்டீங்க. வாடகை பாக்கி வெச்சவளை அன்னைக்கே வெளிய தள்ளாம, வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் இருந்துக்கோன்னு பெரிய மனசு பண்ணீங்க. ஆள் கிடைக்கக் கூடாதுன்னு நான் நினைப்பேனா... நினைப்பேன் சார். அதையும் சொல்லிடறேனே. மகளுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் இந்தக் கூரை போதும் எனக்கு. ஒழுகினா ஒழுகட்டும், கூரைதானே...

யாரு, எங்க வீட்டுக்காரரா... உங்க போனையும் எடுக்கலையா... என் போனையே நாலு வருஷமா எடுக்கல சார். உங்க போனை எடுத்திருந்தாருன்னா எனக்கு மனசு கஷ்டமா இருந்திருக்கும்...

வேலை தேடாம இருப்பேனா. கடை கடையா ஏறி இறங்கறேன். போன வாரம் ஒரு சூப்பர் மார்க்கெட்ல மேனேஜர் கேட்டாரு, உனக்கு என்னம்மா தெரியும்னு. குறை கண்டுபிடிக்கத் தெரியும்னேன். சிரிச்சுக்கிட்டே தன் சட்டையைக் காட்டி, எங்க, இதுல கண்டுபிடின்னாரு... கண்டுபிடிச்சுட்டேன் சார். அதோட சரி, கூப்பிடவே இல்ல...

சரி... சரி சார்... இல்ல, இப்ப சுவத்துல ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டேன்... நேத்துதான்... சும்மாதான் எடுத்தேன்... அது... நேத்து சாயங்காலம் ரெண்டு பேர் வந்தாங்கல்ல. ஆமா, அந்தச் சின்னஞ்சிறுசுங்கதான்... உங்ககிட்ட பேசிட்டாங்களா...

பாவம் சார் அந்தப் பொண்ணு. நிறைமாசம். படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கிட்டு அப்படியே நாற்காலியில சாஞ்சுட்டா. செருப்புக்குள்ள கால் அடங்கல, அப்படி வீங்கியிருக்கு. போற இடத்துல எல்லாம் வயித்தைப் பாத்துட்டு வீடு இல்லங்கறாங்கக்கா, குழந்தை சுவத்துல கிறுக்குமாம்னு சொன்னா. இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள அது மேல புகார்... ஆமா, அம்பைப் பாத்தா. இது என்னக்கான்னு கேட்டா... என்னத்தைச் சொல்ல. மக விளையாட்டுக்கு ஒட்டிவெச்சிருக்கான்னு சொல்லி, நகத்தால ஒவ்வொண்ணாப் பிச்சுக்கிட்டே வந்தேன்... நான்தான் சார். நானேதான். உள் ரூம்ல நல்லா வெளிச்சம் வரும், குழந்தையை அங்க படுக்க வெச்சுக்கோன்னு வேற சொல்லித் தொலைச்சேன். அவளைப் பாத்துக்கிட்டே இந்த வீட்டைக் குறை சொல்ல நாக்கு எழும்பல...

ம்... ம்... ... கேக்குது சார். லைன்லதான் இருக்கேன்... அட்வான்ஸே குடுத்துட்டாங்களா...

இல்ல, அழல. அழறதுக்கு என்ன இருக்கு. சந்தோஷமா இருக்கு. இத்தனை வருஷம் வேலை பாத்தேன், நீ நல்லாப் பேசறேன்னு ஒருத்தர் சொன்னதில்ல. அந்தக்கா சொன்னதுலதான் வீடு பிடிச்சுப்போச்சுன்னு அவங்களே சொன்னாங்களா... அப்படியா... நல்லது சார். இதை ஃபிரேம் போட்டு மாட்டணும். எந்தச் சுவத்துலன்னுதான் தெரியல...

ஒண்ணாம் தேதியேவா... சார், சார், ஒரு நிமிஷம் கேளுங்க. பரீட்சை அதுக்கப்புறம்தான் முடியுது. ஒரு பத்து நாள் தள்ளி வரச் சொல்லிப் பாருங்களேன்... நானா... நானே அவகிட்ட பேசவா... என்னன்னு பேசறது? என் பொண்ணுக்குப் பரீட்சை, உன் பிரசவத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோன்னா... வேணாம் சார். நான் பேசல. நீங்களும் பேச வேணாம். அவ வரட்டும். நான் காலி பண்ணிடறேன்...

அந்தக் குளியலறையை மட்டும் சரி பண்ணிடுங்க... எனக்கு எதுக்கு சார் இனிமே. அவளுக்குத்தான் கேக்கறேன். பச்சைக் குழந்தை இருக்கப் போற வீடு...

எங்க போவேனா... அடடா. அதைக் கேக்கணும்னு தோணிச்சே உங்களுக்கு... இல்ல சார், நிஜமாவே கேக்கறீங்களா... அப்ப சொல்றேன். நேத்து அவங்க இறங்கிப் போகும்போதே தெரிஞ்சுபோச்சு, எடுத்துடுவாங்கன்னு. காலையிலேயே போய் ரெண்டு தெரு தள்ளி, லாண்டரிக்குப் பின்னாடி ஒரு ரூம் பாத்துட்டு வந்தேன். ஒரே ரூம்தான். மகளுக்கு ஸ்கூல் பக்கம். அந்த ஓனர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, வேலையில இருக்கியான்னு... இருக்கேன்னுட்டேன் சார். பின்ன வேற என்ன சொல்ல. சரி, இப்ப இருக்கிற வீட்டு ஓனர் நம்பரைக் குடு, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னாரு... உங்க நம்பரைத்தான். கோவிச்சுக்காதீங்க. அவர் கூப்பிட்டா, வேலைக்குப் போறா, வாடகை ஒழுங்காக் குடுப்பான்னு மட்டும்...

ஓ.

கூப்பிட்டுட்டாரா... எப்ப... நீங்க என்ன சார் சொன்னீங்க...

...

வேலை போனதையுமா... பாக்கி இருக்கிறதையும் சொல்லிட்டீங்களா... ம்... ம்... அவர் என்ன சொன்னாரு... ரூம் தர முடியாதுன்னுட்டாரா... சரி. சரி சார்...

இல்ல, தப்பே இல்ல. கேட்டாரு, சொல்லியிருக்கீங்க. நீங்க பொய் சொல்லத் தெரியாத மனுஷன்... ஆமா... ஆமா சார்... நேத்து நான் உங்க வீட்டைப் பத்திப் பொய் சொன்னேன். இன்னைக்கு நீங்க என்னைப் பத்தி உண்மையைச் சொல்லியிருக்கீங்க...

கோவமெல்லாம் இல்ல. மக கூப்பிடறா. வெச்சுடறேன் சார்.