மணமேடைக்கு மேலே நாலு நாசில்

மொக்கைச்சாமி: ...எட்டடி பத்தாது அண்ணாச்சி. மழையில நின்ன மாதிரி நனைஞ்சு போவாவ. பன்னெண்டடி உசரத்துல பைப்பு ஓடணும். அப்பத்தான் தண்ணி புகையாட்டம் எறங்கி, ஆளு மேல படுறதுக்குள்ள காஞ்சிரும்.

சௌந்தரபாண்டியன்: பந்தல் முழுசும் வேண்டாம்லே. மணமேடைக்கு மேல தண்ணியப் புகையாப் பீச்சுற நாசில் நாலு போதும். எம்மவ குளுகுளுன்னு உக்காரணும்.

மொக்கைச்சாமி: மில்லுல இருவது வருசமா பிட்டரா இருக்கேன். அங்க நூலு காஞ்சு அறுந்துரக் கூடாதுன்னு இதே தண்ணிப்புகை விடுவோம். பொண்ணுக்கு விடச் சொன்ன மொத ஆளு நீங்கதான்.

சௌந்தரபாண்டியன்: என்ன செய்ய? பங்குனி வெயில்லயே நிச்சயத்தன்னைக்கு மயங்கி விழுந்துட்டா. வைகாசியில தாலி கட்டுற நேரத்துல விழுந்தான்னா... மாப்பிள்ளை வீட்டுக்காரவிய என்ன பேசுவாவ?

அழகுத்தாய்: அப்பா... பட்டுச்சேலை பாழாப் போகும்.

மொக்கைச்சாமி: போகாது தாயி. பன்னெண்டடின்னு அதுக்குத்தான சொல்லுதேன்...

அழகுத்தாய்: வீடியோக்காரன் கேமராவுல தண்ணி போச்சுன்னா?

சௌந்தரபாண்டியன்: அவன் தள்ளி நின்னு எடுக்கட்டும். நம்ம மூஞ்சியை எல்லாம் பக்கத்துல வந்து எடுத்து என்னத்தக் கண்டான்?

மொக்கைச்சாமி: ஹா... ஹா...

அழகுத்தாய்: சிரிக்காதீக அண்ணே. நம்ம போர்த் தண்ணி உப்பு. நாசில் அடைச்சிரும்லா?

மொக்கைச்சாமி: அதான பாத்தேன்! கேக்க வேண்டிய கேள்வி. வேட்டித்துணியில வடிகட்டினாலும் அடைக்கத்தான் செய்யும்.

அழகுத்தாய்: அப்ப வேண்டாம்ப்பா.

சௌந்தரபாண்டியன்: செத்த நேரம் இரு. முனிசிபாலிட்டித் தண்ணியை முத நாளே டிரம்முல பிடிச்சு வச்சா?

மொக்கைச்சாமி: ஜோரா ஓடும். ரெண்டு டிரம்மு காணும், அதுக்கு மேல வேண்டாம்.

அழகுத்தாய்: ...அக்கினி அணைஞ்சிரும்.

மொக்கைச்சாமி: அணையாது. காத்து மேக்கே மலைப்பக்கம் இருந்து வருது. மேக்கு ஓரமா பைப்பு போட்டா, புகை உங்க தலைக்கு மேல வந்து காஞ்சிரும், அக்கினி தப்பிச்சிரும்.

அழகுத்தாய்: கரண்டு போனா?

சௌந்தரபாண்டியன்: மாந்தோப்புக்கு மருந்தடிக்கிற பம்பு, எண்ணெயில ஓடுறது. சோழபுரத்துல சொல்லி வச்சிருக்கேன். புதுசு, மருந்து வாடையே கிடையாது. வேற? வேற என்னம்மா? சொல்லு.

அழகுத்தாய்: எத்தனை நாசில் போட்டாலும் நான் விழத்தான் செய்வேம்ப்பா.

மொக்கைச்சாமி: ஐயோ... உடம்புக்கு எதுவும்...

அழகுத்தாய்: உடம்புக்கு ஒண்ணுமில்லண்ணே. அன்னைக்கு மயக்கமே வரல. நானாத்தான் விழுந்தேன்.

மொக்கைச்சாமி: அண்ணாச்சி... நான் பொறவு வாரேன்...

சௌந்தரபாண்டியன்: நீ இருலே. ஏன்ட்டி விழுந்த?

அழகுத்தாய்: பொண்ணு பாக்க வந்தப்ப, எடுத்துக் குடுத்த காப்பி ஆறிப் போச்சுன்னு மாப்பிள்ளை அவிய அம்மாவை அதட்டினாரே... அத்தனை பேருக்கு முன்னால. அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு டம்ளரை எடுத்துட்டு உள்ள போனாவ. நாளைக்கு அந்த டம்ளர் என் கைக்குத்தான வரும்? எனக்குப் பயமா இருக்குப்பா.

சௌந்தரபாண்டியன்: இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?

அழகுத்தாய்: நீங்க வாக்கு குடுத்துட்டீக. வாய் வரல.

மொக்கைச்சாமி: அப்ப... இந்தப் பைப்பு அளவு எல்லாம்?

சௌந்தரபாண்டியன்: அளவைக் கிழிச்சுப் போடு மொக்கை. வளையல் ஒடையாம ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு விழுந்தவளுக்கா மயக்கம்? அன்னைக்கே தெரியும். காப்பி டம்ளர் போனதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், குடுத்த வாக்கை முறிக்க எனக்கும் வாய் வரல. இந்த நாசிலைப் போட்டு வெயில்னு சொல்ல வழியில்லாம நான் பண்ணினா, இவளாவது வாயத் தொறப்பாளான்னு பாத்தேன், தொறந்துட்டா. விடியவும் முத பஸ்ல ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு மாப்பிள்ளை வீட்டுல நானே சொல்லிட்டு வாரேன்.