மூன்றாவது எண்

இரண்டு கைப்பேசி வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது, சார். சட்டைப்பை தொங்கிப்போகும். அதனால்தான் மூன்று எண்களையும் ஒரே போனில் போட்டுக்கொண்டேன்.

முதல் எண் வீட்டுக்கு. இரண்டாவது அன்பியத்துக்கு. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அதைத்தான் அன்பியம் என்போம். ரயில்வேயில் ஓய்வு பெற்றதிலிருந்து ஒன்பது வருஷமாக நான்தான் பொறுப்பாளர். யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் "பிரதர் மாரிஸைக் கூப்பிடு" என்பார்கள். மூன்றாவது எண், ஊருக்குத் திரும்பிய ஒரு வங்காளதேசத் தொழிலாளி விட்டுப்போனது. என் போனில் ஒரே நேரத்தில் இரண்டு எண்கள்தான் வேலை செய்யும். மூன்றாவதைத் திறந்தால் வீட்டு எண்ணை மூட வேண்டும். "புதன்கிழமை ஆனா உங்க லைன் கிடைக்கவே மாட்டேங்குது" என்று மனைவி குறைபட்டுக்கொள்வாள்.

எங்கள் அன்பியத்து ஜோசஃபின் சிஸ்டர், பக்கத்து அடுக்குமாடியில் நான்காவது மாடியில் தனியாக இருந்தார். கணவர் இறந்த புதிதில் தினமும் என்னை அழைப்பார். பிறகு அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. ஜெபத்துக்கு வருவதும் குறைந்தது. எனக்கு அது வலித்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு புதன்கிழமை மதியம், மூன்றாவது எண்ணிலிருந்து 'தனியாகத்தானே இருக்கிறாய்' என்று மட்டும் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் இரண்டாவது எண் அடித்தது.

"பிரதர், யாரோ என்னைப் பாத்துக்கிட்டே இருக்கான். கொஞ்சம் வாங்க லா."

போனேன். ஜெபமாலை சொன்னோம். அவர் எழுந்து காப்பி போடும்வரை உட்கார்ந்திருந்தேன். போகும்போது, நீங்கள் இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்றார்.

அதன்பிறகு வாரம் ஒன்று அனுப்பினேன். கொடியில் காயும் துணியின் நிறம், பாசாரில் வாங்கிய மீன், அவ்வளவுதான். ஜன்னல் திரையைத் திறப்பதையே அவர் விட்டுவிட்டார். சோறு இறங்கவில்லை. கிரில் கதவுக்கு இன்னொரு பூட்டை நானே வாங்கி மாட்டினேன். போலீசுக்குப் போகவா என்று கேட்டார். வீணாகப் பெயர் கெடும் என்று தடுத்ததும் நான்தான். கதவைத் தட்டினாலே அவருக்கு உயிர் போய்விடும் என்பதால், வாசலுக்கு வந்ததும் நான் ஒரு மெசேஜ் அனுப்புவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

மகள் ஜானிஸ், அம்மாவைப் பூச்சோங்கில் இருக்கும் தன் வீட்டுக்கே கூட்டிப்போவதாகச் சொன்னாள். சனிக்கிழமை என்று முடிவானது. அந்தப் புதன்கிழமை நாலு மணிக்கு, 'நீ போனால் ஜானிஸ் வேலையிலிருந்து வீடு திரும்பமாட்டாள்' என்று அனுப்பினேன். ஜானிஸுக்கு நான் ஞானத்தகப்பன், சார். அவளை நான் என்ன செய்துவிடப் போகிறேன்?

வழக்கம்போல அழைப்பு வந்தது. மழையில் நனைந்துகொண்டே போனேன். மாடி ஏறி, வாசலில் நின்று, 'வந்துட்டேன். வாசல்ல நிக்கிறேன்' என்று அனுப்பினேன். மூக்குக்கண்ணாடி முழுக்க ஈரம். எந்த எண்ணிலிருந்து போகிறது என்று பார்க்கவில்லை.

உள்ளே ஏதோ உடைந்தது. என் போன் அடித்தது.

"பிரதர், அவன் வந்துட்டான். கதவுக்கு வெளிய நிக்கிறான். நீங்க எங்க இருக்கீங்க?"

அவர் குரல் போனிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது. அனுப்பிய மெசேஜைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது எண்.

அது நான்தான் சிஸ்டர் என்று சொல்லியிருந்தால் போதும். தொண்டைவரை வந்தது. சொன்னால் இத்தனை மாதமாகச் செய்தது எல்லாம் தெரிந்துவிடும். பயந்துவிட்டேன், சார்.

"வந்துக்கிட்டே இருக்கேன் சிஸ்டர்," என்றேன்.

"பின்னாடி துணி காயப்போடுற பக்கமா பக்கத்து வீட்டுக்குத் தாண்டிப் போயிரவா?"

அங்கே காலை வைக்க ஒரு சாண் திட்டுதான். நான் பார்த்திருக்கிறேன். அன்று அதில் மழைத்தண்ணீர் வேறு.

"ஜாக்கிரதையாப் போங்க," என்றேன்.

விழுந்த சத்தம் போனில்தான் முதலில் கேட்டது.

இப்போது அந்தப் போன் உங்கள் மேசையில் இருக்கிறது. அது அதிரும்போதெல்லாம் எடுக்கக் கை நீட்டிவிடுகிறேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். கடைசி நேரத்தில் அவர் மகளை அழைக்கவில்லை, உங்களையும் அழைக்கவில்லை. என்னைத்தான் அழைத்தார்.