நடு உருண்டை

கதவைச் சாத்த வேண்டாம் சார், திறந்தே இருக்கட்டும். பூனை ஓடிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குப் பூனை வளர்க்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இது இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாசற்படி தாண்டியதில்லை. இப்போதும் பாருங்கள், நீங்கள் பூட்ஸ் காலோடு உள்ளே வந்தீர்கள், காதைக்கூட அசைக்கவில்லை. என் மடி போதும் அதற்கு.

இதன் பெயர் ஆபீசர். என் தங்கை வைத்தது. ஒரு துரும்பையும் அசைக்காது, ஆனால் வீடு பெருக்குவது, துணி மடிப்பது, காய் நறுக்குவது எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். தங்கையை நான் பாப்பா என்று கூப்பிடுவேன். முப்பது தாண்டியவளைப் போய்ப் பாப்பா என்கிறாயே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நான் சட்டை செய்வதில்லை. அம்மா சாகும்போது அவளை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அக்கம்பக்கத்தார் கையில் கொடுக்கவில்லை.

நீங்கள் டீயைத் தொடவில்லை. பரவாயில்லை, எனக்குப் புரிகிறது. எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். பூனையின் வாலுக்கு அடியில் ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் பாப்பாவின் போர்வையை உதறும்போது அரிசிமணி மாதிரி ஒன்று தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன், அது சுருங்கி நீண்டது. ஆபீசரைப் பிடித்து வாலைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயும் மயிரில் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், இதற்கெல்லாம் அருவருப்புப் படமாட்டேன். ஒன்றை எடுத்துக் காலி மருந்து பாட்டிலில் போட்டு மூடிக்கொண்டு மாட்டு டாக்டரிடம் போனேன். அவர் மாட்டைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கும். நாயும் பூனையும் லவ்பேர்ட்ஸும்தான் வரும். ஆனாலும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர்.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நாடாப்புழு. இது அதோட ஒரு துண்டு. பூனையை வெளிய விடுவீங்களா?"

"வாசப்படி தாண்டாது."

"எலி கிலி பிடிக்குமா?"

"எங்க வீட்ல எலி கிடையாது."

"அப்ப தெள்ளுப்பூச்சிதான். உடம்பை நக்கும்போது அதையும் சேத்து முழுங்கியிருக்கும், அதுக்குள்ள இருந்துதான் இந்தப் புழு வரும். பூனை வெளிய போகலன்னா, வெளிய போயிட்டு வர்றவங்க யாரோ துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்காங்க. அது யாருன்னு பாருங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். புழுவுக்கு மாத்திரை, தெள்ளுப்பூச்சிக்குக் கழுத்துக்குப் பின்னால் விடும் சொட்டுமருந்து, போர்வையெல்லாம் வெந்நீரில் துவையுங்கள், மண் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு அந்த ஒரு கேள்விதான் காதில் நின்றது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். நான் கடைக்குப் போகிறேன், வருகிறேன், செருப்பை வெளியே விடுகிறேன், உள்ளே வந்ததும் குளித்து மாற்றிக்கொள்கிறேன். மருந்துக்கடையில் பூனை ஏது? மிச்சம் இருப்பது பாப்பா. பாப்பாதான் வெளியே போகவே முடியாதவள் ஆயிற்றே.

அவளுக்கு உடம்பு முடியாது. அம்மா போனதிலிருந்தே அப்படித்தான். காலையில் எழுந்தால் தலை சுற்றும், கால் தள்ளாடும், மதியம் வரைக்கும் கண்ணைப் பிய்த்துத் திறக்க வேண்டும். நான் கூட்டிப் போகாத டாக்டர் இல்லை. ஒருவர் ரத்தம் குறைவு என்றார். ஒருவர் மனசு என்றார். ஒருவர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். எல்லா இடத்திலும் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தது நான். எந்த அக்கா இவ்வளவு அலைந்திருப்பாள்? அச்சகம் ஒன்றிலிருந்து பிழை திருத்தும் வேலை வீட்டுக்கே வரும், படுத்தபடியே செய்வாள். எங்களுக்கு அது போதும். எனக்குப் போதும், ஆகவே எங்களுக்குப் போதும்.

அன்றைக்கே பூனைக்கு மாத்திரை கொடுத்தேன். முதலில் எடை பார்க்க வேண்டும். பாப்பா அதைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்றாள், பிறகு இறக்கிவிட்டுத் தனியாக நின்றாள். இரண்டையும் கழித்தால் பூனையின் எடை. அவள் தனியாக நிற்கும்போது முள் நின்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நானே பூனை மாதிரிதான் இருக்கேன் அக்கா," என்றாள். நான் மீனை முள் எடுத்துப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பூனைக்கு மாத்திரை கொடுப்பதைப் பெரிய போர் மாதிரி சொல்வார்கள். துண்டில் சுற்ற வேண்டும், வாயைப் பிளக்க வேண்டும், தொண்டையைத் தடவ வேண்டும். எனக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. மூன்று மீன் உருண்டை போதும். முதல் உருண்டையில் ஒன்றும் இருக்காது, அது நம்பிக்கைக்கு. நடு உருண்டையில் மாத்திரை. மூன்றாவதைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக்கொண்டே நடு உருண்டையைக் கொடுக்க வேண்டும். ஆபீசர் ஒன்றை மோந்து பார்த்துத் தின்றது, இரண்டாவதை மெல்லாமல் விழுங்கியது, மூன்றாவதற்கு என் விரலையே கடித்தது.

பாப்பா அடுக்களை வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல உள்ளதுலதான் மருந்தாக்கா?"

"ஆமா."

"அதுக்குத் தெரியாதா?"

"மூணாவது கண்ணு முன்னாடி இருக்கறப்ப ரெண்டாவதை யாரு மென்னு பாப்பாங்க?"

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கேட்டது பூனையைப் பற்றி என்றுதான் நான் நினைத்தேன்.

இரவுச் சாப்பாட்டில் முதல் மூன்று வாய் நான்தான் அவளுக்கு ஊட்டுவேன். அம்மா போன புதிதில் அவள் தட்டையே தொடமாட்டாள். அக்காவுக்காக ஒரு வாய், அம்மாவுக்காக ஒரு வாய், கடைசியாக ஒரு வாய் என்று கெஞ்சி ஊட்டினால் பிறகு தானே சாப்பிடுவாள். அதுவே பழக்கமாகிவிட்டது. நடு வாயில் என்ன இருந்தது என்பதை நீங்கள் பரிசோதனைக்கூடத்தில் பார்த்துவிட்டீர்கள். நானும் மறைக்கப் போவதில்லை. அம்மாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரைதான். அம்மாவுடையது தீர்ந்த பிறகு கடையிலிருந்து எடுத்தேன். விஷம் கிடையாது. தூங்க வைக்கும், அவ்வளவுதான். தூங்குகிறவள் யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடுவாள், அவளுக்குத்தான் யார் கெடுதல் செய்துவிட முடியும்?

முதல் தடவை எப்போது என்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன சில மாதத்தில் வேறு ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று பெட்டி கட்டினாள். விடியற்காலை பஸ். முந்தின இரவு ஊட்டினேன். பஸ் போய் வெகுநேரம் கழித்து எழுந்தாள், என் தோளில் சாய்ந்து அழுதாள், "எனக்கு ஒடம்பே சரியில்லக்கா, போயிருந்தாலும் தனியா சமாளிச்சிருக்க மாட்டேன்," என்று அவள் வாயால் அவளே சொன்னாள். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். அவர்கள் எதிரில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிவிட்டது, எழுந்து போய்விட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் நல்லவேளை போனார்கள். ஒருமுறை குளியலறையில் விழுந்து வலது கை முறிந்தது. கட்டுப் போட்டிருந்த அந்த நாட்கள்தான் எங்கள் வீட்டிலேயே சந்தோஷமான நாட்கள் என்பேன். மூன்று வாய் இல்லை, எல்லா வாயும் நான் ஊட்டினேன்.

கையை அப்படி இறுக்கிக்கொள்ளாதீர்கள் சார். முழுதாகக் கேளுங்கள்.

தெள்ளுப்பூச்சி என் மண்டையைக் குடைந்தது. ஒரு நாள் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே திரும்பினேன். வீட்டில் அவள் இல்லை. மாடிப்படியில் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு தெருப்பூனை குட்டி போட்டிருந்தது. பாப்பா ஒரு குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வெயிலில் அவள் முகத்தை நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. "மதியத்துக்கு மேல தலை தெளிஞ்சிடுது மேடம். ஆமா, அச்சகத்துக்கே வந்துடறேன். அடுத்த மாசம் ஹாஸ்டல்ல இடம் பாத்துச் சொல்லுங்க. அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்," என்றாள்.

அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். அந்தக் குரலில் பயம் இருந்தது சார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அவளை அடித்திருக்கிறேனா, ஒரு வார்த்தை அதட்டியிருக்கிறேனா? இந்தக் கதவுக்குப் பூட்டு உண்டா என்று நீங்களே பாருங்கள். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்தான். பூனை மாதிரி இறங்கி வந்து கடைக்கே திரும்பிப் போனேன். அன்றிலிருந்து நடு வாயைக் கொஞ்சம் கனமாக்கினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் வெட்கப்படவில்லை.

ஆனால் அவள் அதற்கு முன்பே பாடம் படித்துவிட்டிருந்தாள். படித்தது பூனையிடம். மாத்திரை கொடுத்த மறுநாள் சோபாவுக்கு அடியில் பெருக்கும்போது பாப்பாவுக்கு அது கிடைத்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து காட்டினாள். ஓரம் மட்டும் கரைந்த மாத்திரை. "ஆபீசர் உன்னை ஏமாத்திட்டாருக்கா. கன்னத்துல அடக்கி வச்சிருந்து மெதுவாத் துப்பியிருக்காரு." நாங்கள் இருவருமே சிரித்தோம். நான் வேறு மாத்திரை எடுத்துப் பொடித்துக் கலந்து கொடுத்தேன், அதோடு புழுத் தொல்லை தீர்ந்தது.

பாப்பாவுக்கும் பொடித்துத்தான் கொடுத்து வந்தேன், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நடு வாய் கனமான பிறகு, அந்தச் சோற்றை அப்படியே கன்னத்தில் அடக்கி, மூன்றாவது வாய்க்கு மெல்லுகிற மாதிரி மென்று, கை கழுவப் போகும்போது கைக்குட்டையில் துப்பியிருக்கிறாள். பிறகு வந்து என் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி மூச்சு விட்டிருக்கிறாள். நான் அவள் தலையை வருடிக்கொடுத்திருக்கிறேன். நீங்கள் என்னைப் பொய்க்காரி என்று பார்க்கிறீர்கள். நான் ஒரு நாளும் தூங்குகிற மாதிரி நடித்ததில்லை. இந்த வீட்டில் வாயில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறு ஒன்றைக் காட்டியது யார்?

கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அவள் போனது மாட்டு டாக்டரிடம். அவளுக்கு வெளியே தெரிந்த டாக்டர் எல்லாம் நான் கூட்டிப்போனவர்கள். இவர் ஒருவர்தான் பூனை மூலமாகத் தெரிந்தவர். அவர் அதை யாருக்கோ அனுப்பி, பரிசோதித்து, உங்களுக்குச் சொல்லி, இவளைத் தன் மனைவியோடு வீட்டில் உட்கார வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான். மாட்டுக்கும் மனுஷிக்கும் வித்தியாசம் தெரியாமல் வைத்தியம் பார்க்கிறார்.

இன்று காலையில் அங்கிருந்து பாப்பா போன் செய்தாள். குரல் தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிவான குரலில் அவள் என்னோடு பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம். என் துணிகூட வேணாம். ஆபீசரை மட்டும் குடுத்துடு. போலீஸ்காரங்க வருவாங்க, அவங்ககிட்ட குடுத்துடு."

"அது என்னை விட்டு வராது பாப்பா."

"கூடையை வை, கதவைத் திற. அது வருதா இல்லையான்னு பாப்போம்."

நியாயமான பேச்சு. எனக்கும் சம்மதம். வரட்டும், பார்க்கட்டும், யாரிடம் இருக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்யட்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு மீனை எடுத்து முள் நீக்கிப் பிசைந்து மூன்று உருண்டை பிடித்தேன். புழு மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் பாப்பாவின் மாத்திரை இருந்தது. நன்றாகப் பொடித்துக் கலந்தேன், இந்தத் தடவை கன்னத்தில் அடக்க முடியாதபடி. எடை பார்க்கவில்லை. எடைக்கருவியில் தூக்கிக்கொண்டு நிற்க ஆள் இல்லை.

அதோ, அவள் கொடுத்தனுப்பிய கூடையை அந்த நாற்காலி மேல் வையுங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, நான் பிடித்துக்கொள்ளவும் இல்லை, என் இரண்டு கையையும் பாருங்கள். கூப்பிடுங்கள். பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். போய் அவளிடம் சொல்லுங்கள், எவ்வளவு கூப்பிட்டும் அக்கா மடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, அவ்வளவு பாசம் என்று.