சொந்தம் வேற, கல்லு வேற

மைக்க இன்னும் கொஞ்சம் பக்கத்துல வைங்க. சங்கத்துக் கணக்கு வழக்கெல்லாம் பொறகு பேசுவோம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதைய இங்க எறக்கி வச்சாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும். நம்ம ஓட்டல் தொழிலாளி ஒருத்தன் கதை. கோவம் வந்தா வரட்டும். எனக்கு வந்துச்சு.

இருளப்பன்னு ஒரு பரோட்டா மாஸ்டர். சாத்தூர்ப் பக்கம். அவன் மாவ வீசுனா, சாப்பிட வந்தவன் சாப்பிடுறத மறந்துட்டுப் பாத்துட்டு நிப்பான். ஒரு தடவ அவன் மச்சினன், பொண்டாட்டி கூடப்பொறந்த தம்பி, வேல கேட்டு வந்தான். "மச்சான், நானும் பரோட்டாக் கல்லுல நிக்கிறேனே"ன்னான். இருளப்பன் ஒரு உருண்டையக் குடுத்து வீசச் சொன்னான். மாவு கிழிஞ்சு தொங்குச்சு. இருளப்பன் சிரிச்சுட்டே சொன்னான்... "சொந்தம் வேற, கல்லு வேற, மாப்ள. போய் வெங்காயம் உரி."

சரியாத்தானே சொன்னான்? தப்புன்னு சொல்றவங்க யாராவது இருக்கீங்களா?

ஒருநாள் காலையில மார்க்கெட்டுக்கு மொபெட்ல போறான். பைபாஸ்ல எதிர்த் தெசையில ஏறி வந்த கார் அடிச்சுத் தூக்கிருச்சு. உசுரு தப்புச்சு. வலது மணிக்கட்டு நொறுங்கிப் போச்சு. பிளேட்டு வச்சுத் தச்சாங்க. கட்டுப் பிரிச்சுப் பாத்தா வெரல் மடங்குது, தம்ளரப் பிடிக்குது... ஆனா மணிக்கட்டு திரும்பல. மணிக்கட்டு திரும்பாதவன் பரோட்டா வீச முடியுமா? இங்க இருக்கற மாஸ்டருங்க சொல்லுங்க.

நட்டஈட்டுக் கேஸ் போடணும். யாருகிட்டப் போனான்? தனுஷ்கோடி வக்கீல்கிட்ட. ஏன்? நம்ம ஆளு. கோயில் கொடை நோட்டீஸ்ல மொத போட்டோ அவருதான். வீட்டு விசேஷம்னா மொத ஆளா வந்து மொய் செய்வாரு. முறைக்கு இருளப்பனுக்கு மாமா வேற. அவர் மோசக்காரரா? இல்ல. பாகப் பிரிவினை, வரப்புத் தகராறுன்னா அந்தக் கோர்ட்டுல அவர மடக்க ஆள் கிடையாது. விபத்துக் கேஸ்? அது அவரு வேல இல்ல. ஆனா "எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்ககிட்டப் போ"ன்னு ஒரு வார்த்த சொன்னாரா? சொல்லல. சொன்னா கௌரவம் கொறைஞ்சிருமே.

மனுவுல தொழில் என்னன்னு ஒரு எடம் இருக்கு. கூலின்னு போட்டாரு. நம்ம ஆளுக எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாராம்.

கை எவ்வளவு ஊனம்னு பாக்க மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டாங்க. அன்னிக்கு மாமாவுக்கு ஒரு வரப்புக் கேஸ். இவன் தனியாப் போனான். அங்க என்ன சொல்லணும், எதக் காட்டணும்னு சொல்லிக் குடுக்க ஆளில்ல. வீட்டுலயோ மகளுக்கு மாப்பிள்ளை பேசிட்டிருந்த நேரம். அப்பன் கை ஊனம்னு பேரு வந்துரக்கூடாதுன்னு இவனுக்கு ஒரு பயம். டாக்டர் தன் வெரல நீட்டிப் பிடிக்கச் சொன்னாரு. இவன் வலிய முழுங்கிக்கிட்டு, பல்லக் கடிச்சு, இறுக்கிப் பிடிச்சான்.

வீட்டுக்கு வந்து பொண்டாட்டி பேச்சித்தாய்கிட்டப் பெருமையாச் சொன்னான்... "நல்ல பிடின்னு டாக்டரே சொல்லிட்டாருடி."

நல்ல பிடி. ஊனம் கொஞ்சம்தான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. என்ன செய்வாங்க? பிடிச்சுப் பாத்தாங்க, பிடிச்சான். கையத் திருப்புன்னு யாரும் கேக்கல. இவனாச் சொல்லவும் இல்ல.

அப்புறம் மாமா சொன்னாரு, கேஸ் இழுத்தா வருஷக் கணக்காகும், மக்கள் நீதிமன்றத்துல பேசி முடிச்சுக்கலாம்னு. காரோட இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் குடுத்தத வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஆஸ்பத்திரிக் கடன் அடைஞ்சுச்சு. அவ்வளவுதான்.

பேச்சித்தாய்க்கு மனசு ஆறல. யாரோ சொன்னாங்கன்னு அவன இழுத்துக்கிட்டு மதுரைக்குப் போனா. ஆக்னஸ்னு ஒரு அம்மா. விபத்துக் கேஸத் தவிர வேற கேஸே எடுக்காத வக்கீல். அந்தம்மா கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா? "அண்ணே, இந்தக் கையால என்ன வேல செஞ்சீங்க?"

இத்தன நாள்ல ஒருத்தரும் கேக்காத கேள்வி.

இவன் சொன்னான். ஓட்டல் முதலாளி சாட்சிக்கு வந்தாரான்னு கேட்டாங்க. வரல. வேல பாத்ததுக்கு என்ன காட்டுனீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்ல. அந்தம்மா நெத்தியப் பிடிச்சுக்கிட்டாங்க. "டாக்டரு கைய அளந்து எழுதுறாரு, அண்ணே. கோர்ட்டு தொழில அளக்கணும். பரோட்டா மாஸ்டருக்கு மணிக்கட்டுப் போனா மொத்தப் பொழப்பும் போச்சுன்னு நான் வாதாடியிருப்பேன்... ஆனா மக்கள் நீதிமன்றத்துல சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டீங்க. அதுக்கு மேல அப்பீல் கெடையாது."

வெளிய வந்து படியில உக்காந்தாங்க. இருளப்பன் மெதுவா, மாமா நல்லவருதான்னான். அப்பத்தான் பேச்சித்தாய் கேட்டா...

"சொந்தம் வேற, கல்லு வேறன்னு என் தம்பிய வெங்காயம் உரிக்க விட்டியே. ஒன் கைக்கு மட்டும் ஏன்யா சொந்தக்காரனத் தேடுன?"

அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள்ட்ட இருக்கா?

இன்னிக்கு அதே கடையில அவன் சால்னா ஊத்துறான். எடது கையால. கல்லுல நிக்கிறது யாரு தெரியுமா? அந்த மச்சினன். வெங்காயம் உரிச்சு உரிச்சு, பாத்துப் பாத்துத் தொழில் கத்துக்கிட்டான்.

இப்ப உங்களக் கேக்குறேன். எதிர்ல நின்ன இன்சூரன்ஸ் கம்பெனி, தன் முதலாளியோட மாமனையா வக்கீலா வச்சிருந்துச்சு? விடிஞ்சா அடைஞ்சா விபத்துக் கேஸ் மட்டுமே நடத்துற ஆள வச்சிருந்துச்சு. அவன் தொழில் தெரிஞ்சவனக் கூட்டிட்டு வாரான். நீ போட்டோல இருக்கறவரக் கூட்டிட்டுப் போற. ஆஸ்பத்திரி வாசல்ல கார்டு நீட்டுற புரோக்கர்கிட்டயும் ஏமாறுற. தோத்துட்டு, தலையெழுத்துங்கற. எவன் எழுதுனான்? கூலின்னு எழுதுனது கடவுளா?

நம்ம ஆளுங்கற பாசத்தக் கல்யாண வீட்டுல வச்சுக்கோ, கொடையில வச்சுக்கோ. ரோட்டுல அடிபட்டு வந்தா, ஒரே கேள்வி கேளு... "நீங்க இந்தக் கேஸ் நடத்திருக்கீங்களா?" கேக்கக் கூச்சமா இருக்கா? ஓட்டலுக்கு வேல கேட்டுப் போனப்ப, ஒன் கையில மாவு உருண்டையக் குடுத்து வீசிக் காட்டுன்னு மாஸ்டர் கேட்டானே, அவன் கூச்சப்பட்டானா?

நீயும் கேளு. வீசிக் காட்டச் சொல்லு.