மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே

— சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. உன் தையல் மெஷின் மேல அடிச்சுச் சொல்றேன்.

— கையை எடுங்க, ஊசி இறங்கிடப் போவுது. டாக்டரைப் பாக்கக் காலையில போன மனுஷன் சாயங்காலம் வந்து நிக்கிறீங்க. எங்க சுத்துனீங்க?

— எங்கயும் சுத்தல. ஆஸ்பத்திரி லிஃப்டுல மாட்டிக்கிட்டேன். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. கூட டாக்டரம்மா.

— ஊர்ல பாதி லிஃப்டைப் பழுது பாக்குறவரு நீங்க. உங்களால திறக்க முடியலையாக்கும்?

— டூல்ஸ் பை கீழ வண்டியில. வெறுங்கையால என்ன பண்றது? லைட்டும் போச்சு. கும்மிருட்டு.

— ம்... அப்புறம்?

— டாக்டரம்மாவால சும்மா இருக்க முடியல. தொழில் புத்தி. "நல்லாத் தூங்குறீங்களா"ன்னு ஆரம்பிச்சாங்க. ஹால்ல தூங்குறேன்னேன். "ஏன்"னாங்க.

— முதுகு வலி, தரையில படுத்தாத்தான் ஒத்துக்குதுன்னு சொல்லியிருப்பீங்க. ஒரு வருஷமா எங்கிட்ட அதைத்தானே சொல்றீங்க.

— அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்... இருட்டுல வேற ஒண்ணு வந்துடுச்சு.

— என்ன வந்துச்சு?

— நிஜம்... மெஷினை ஏன் நிறுத்திட்ட? ஓட்டு. அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்குச் சொல்ல வரும்.

— ஓட்டுறேன். சொல்லுங்க.

— "ஆசை இருக்கு டாக்டர், உடம்புதான் பாதியில காலை வாரிடுது. பக்கத்துல போய் அசிங்கப்படுறதுக்கு, ஹால்லயே கிடந்துடலாம்னு..." அப்படின்னேன்.

— ஒரு பொம்பளைகிட்டயா சொன்னீங்க?

— இருட்டும்மா. ஆம்பளையா பொம்பளையான்னு யாரு கண்டா?

— சிரிச்சாங்களா?

— சிரிக்கல. அங்கயே கையில பட்டையைச் சுத்தி பிரஷர் பாத்தாங்க.

— கும்மிருட்டுல!

— அனுபவஸ்தங்க. "இந்த வயசுல ரொம்பப் பேருக்கு வர்றதுதான். நீங்க சாப்பிடுற பிரஷர் மாத்திரையாலகூட இருக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க, நான் மாத்தித் தர்றேன். சர்க்கரையும் பாத்துடுவோம்"னாங்க. எனக்கு நெஞ்சு லேசாயிடுச்சு. பாரு, யாரும் தொடல, லிஃப்ட் தானா கிளம்பிடுச்சு.

— அதாச்சும் கிளம்புச்சே.

— நக்கலா? இரு, இன்னும் இருக்கு. "உங்க வீட்டம்மாவுக்கும் ஏதாவது கஷ்டம் இருக்கலாம், வாயைத் திறந்து கேளுங்க"ன்னாங்க.

— சரி, கேளுங்க.

— உனக்கு... ஏதாவது...?

— பீரியட்ஸ் நின்னதுலேருந்து வலிங்க. காஞ்சுபோய் எரியும். நீங்க தொட்டா பல்லைக் கடிச்சுக்குவேன்.

— அடிப்பாவி! என்னைப் புடிக்காமத்தான் நீ முகத்தைத் திருப்பிக்கிறேன்னு நான்...

— நீங்க பாயைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போனதும், இவருக்கு நம்ம மேல சலிப்பு தட்டிடுச்சுன்னு நான்...

— சலிப்பா? உன் மேலயா? போடி லூசு. ஆமா... அந்த வலிக்கு மருந்து ஏதும் இருக்காமா?

— இருக்கு. ஒரு களிம்பு. இப்ப எவ்வளவோ பரவாயில்ல.

— இப்பவா? நீ எப்போ... யாருகிட்டக் காட்டுன?

— அதே டாக்டரம்மாகிட்டதான், போன மாசம். பாயைச் சுருட்டிப் பரண்ல போட்டுட்டு உள்ள வந்து படுங்க. அப்புறம்... அந்த ஆஸ்பத்திரிக்கு மாடியே கிடையாதுங்க.