மூக்குக்கு ஒன்றுமில்லை

உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள். தட்டி உடனே போடவில்லை, கொஞ்ச நேரம் வெளியில் கிடந்த ஏலக்காய். இதையெல்லாம் இந்த ஊரில் யார் கவனிக்கிறார்கள்? நீங்கள் இன்னும் டம்ளரைத் தொடவேயில்லை. ஏட்டு ஆறுமுகமும் ஒரு மடக்கோடு வைத்துவிட்டார். ஆறிப்போகும், மேடம்.

நான் சொல்வதை அவர் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். பெயர் நேசகுமார். வயது ஐம்பத்தொன்பது. அரக்கோணம் சாலையில் மாந்தோப்பு வீடு. இருபத்தாறு வருடம் பயணிகள் கப்பல்களில் ஒயின் பரிமாறும் பிரிவில் வேலை பார்த்தவன்; கடைசி ஒன்பது வருடம் அந்தப் பிரிவுக்கே தலைவன். கப்பலில் என் பதவிப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நேற்று நீங்கள் போன் செய்தீர்கள். வழக்கை விபத்து என்று முடிக்கப் போகிறோம், கையெழுத்துப் போட வாருங்கள் என்றீர்கள். டாக்டர் கொடுத்த சான்றிதழையும் வாசித்துக் காட்டினீர்கள். 'இவருக்கு வாசனை அறியும் திறன் முற்றிலும் இல்லை' என்று அதில் இருக்கிறது. அந்த டாக்டர் பையன் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு நாலு சீசாவை மூக்கருகே காட்டினான். காப்பித்தூளையும் கற்பூரத்தையும் மோந்து பதில் சொல்வது என் தகுதிக்கு இறக்கம் என்பதால் பேசாமல் இருந்தேன். அதை அவன் இப்படி எழுதிவிட்டான்.

நான் கையெழுத்துப் போட வரவில்லை, மேடம். அந்த வரியை அடிக்கச் சொல்ல வந்திருக்கிறேன். அந்த வரி போனால் தேவசுந்தரி செத்த கதையும் மாறும். மாறட்டும்.

முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். 'ஒயின் ருசிக்கலாம் வாங்க. முதல்முறை குடிப்பவரும் வரலாம், பழகியவரும் வரலாம்.' இப்படி ஒரு துண்டு நோட்டீஸ் அடித்தேன். மலைமேல் முருகன் இருக்கிற ஊரில் இதெல்லாம் எதற்கு என்று யார் யார் கேட்டார்களோ, அவர்கள்தான் முதலில் பேர் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் வகுப்பு. உரிமம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. இனி அது பெரிய விஷயமும் இல்லை.

வந்தவர்களைப் பற்றி என்ன சொல்வது. பக்தவச்சலம், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பையைக் கையில் கொடுத்ததும் கஷாயம் குடிப்பது மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் உள்ளே தள்ளினார். பிளாட் விற்கிற சூர்யபிரகாஷ் சோடாவும் மாங்காய் ஊறுகாயும் கேட்டார். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு எவர்சில்வர் கிண்ணம் வைத்தேன். அடுத்தவர் வீட்டுக்குள் எப்படித் துப்புவது என்று கூச்சப்பட்டு எல்லாவற்றையும் விழுங்கினார்கள். கூச்சம் என்று அவர்கள் சொன்னது. நிர்மலா என்று ஒரு டீச்சர். நான் பிளம் பழ வாசனை என்றால் பிளம் என்று எழுதிக்கொள்வாள். பிளம் பழத்தை அவள் கண்ணால் பார்த்திருக்க மாட்டாள். நான் சாணி என்று சொல்லியிருந்தாலும் அடிக்கோடு போட்டு எழுதியிருப்பாள்.

வகுப்பில் ஒரு விதி உண்டு. பாட்டிலைத் திறந்து, லேபிளை வாசித்து, ஊற்றி, மோந்து, நான் சொல்வேன். நான் சொல்வதற்கு முன்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கற்றுக்கொடுப்பது என்றால் அப்படித்தான்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ஊருக்கே வந்த காய்ச்சல் எனக்கும் வந்தது. பதினாறு நாளில் போய்விட்டது. எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இதையும் ஏட்டு எழுதிக்கொள்ளட்டும்.

தேவசுந்தரி ஆவணியில் வந்து சேர்ந்தாள். மணவூரில் ரயிலேறி அரக்கோணத்தில் மாறி வருவாள். கைம்பெண், ஐம்பது வயதிருக்கும். அவர்கள் சபையில் திருவிருந்துக்கான திராட்சரசம் இருபது வருடமாக இவள் வீட்டு ஜாடியில் ஊறுவதுதானாம். கோடையில் புளித்துப் போகிறது, ஏனென்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றாள். நானும் மிஷன் காலத்துக் குடும்பம்தான்; அந்த ரசத்தின் லட்சணம் எனக்குத் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னேன்.

அவள் குடிக்கிற அழகைச் சொல்ல வேண்டும். கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மோப்பாள். அதுவரை சரி. பிறகு உதட்டில் படாமல் அண்ணாந்து வாய்க்குள் ஊற்றிக்கொள்வாள். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் குடிக்கிற மாதிரி, நாலு கண்டம் கடந்து வந்த ஒயினை. நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் படாமல் நேரே தொண்டைக்குள் போகிறது அம்மா, என்ன ருசி தெரியும் என்று மூன்று வாரம் சொன்னேன்.

"ஆண்டவர் மேசைக்கு போறதுங்கண்ணா. எச்சில் படாம ரசத்த ருசி பாத்து பாத்து இப்டியே பழகிப்போச்சு" என்றாள்.

ஆனால் மூக்கு இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. மழைக்கு முந்தின மண் என்பாள், பழுக்காத கொய்யா என்பாள், திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைப் பக்கம் ரயில் போகும்போது அடிக்கிற வாசனை என்பாள். படிப்பில்லாத பேச்சு. ஆனால் நாலைந்து வாரத்தில் மற்றவர்கள் ஒரு காரியம் செய்யத் தொடங்கினார்கள். கோப்பையை மோந்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

ஐந்தாம் வாரம் ஒரு சிவப்பு ஒயினை ஊற்றினேன். மிளகு, கொஞ்சம் வாடிய பூ என்றேன். நிர்மலா எழுதினாள். தேவசுந்தரி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, இதுல நனைஞ்ச சாக்கு நாத்தம் அடிக்குது."

தக்கை கெட்டுப் போனால் ஒயினில் அந்த நாற்றம்தான் வரும். பாடத்தில் முதல் பக்கத்திலேயே இருப்பது. மற்றவர்களும் மோந்தார்கள். சூர்யபிரகாஷ் முகத்தைச் சுளித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேவசுந்தரியும் பார்த்தாள், அப்புறம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, எனக்குத்தான் சளி பிடித்திருக்கிறது போல, நீங்கள் சொன்னதுதான் சரி என்றாள். எனக்குத் தெரியாமல் இல்லை, மேடம். கெட்டுப் போன பாட்டிலை வேண்டுமென்றேதான் ஊற்றினேன், மாணவர்களைச் சோதிக்க.

அடுத்த வாரம் அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். நான் அடுப்பங்கரையில் நின்றிருந்தேன். கதவருகே வந்தவள் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே வந்து, அடுப்பின் குமிழை மூடினாள். இரண்டு ஜன்னலையும் திறந்தாள். என் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ரூம் பூரா கேஸுங்கண்ணா. உங்களுக்கு தெரியல."

கேள்வியாகக் கேட்கவில்லை. தெரியும், ஜன்னலைத் திறக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்றேன். அவள் என் கையில் மிஞ்சியிருந்த தீக்குச்சியைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. என் வீட்டு அடுப்பங்கரையில் நின்று எனக்காக அழுதாள், மணவூரில் ஜாடி கழுவுகிறவள்.

"யாருக்கும் சொல்ல மாட்டேண்ணா. ஆண்டவர் மேல சத்தியம். வாரா வாரம் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து பாட்டில மோந்து சொல்லிடறேன். நீங்க அதயே கிளாஸ்ல சொல்லுங்க."

சொன்னபடி வந்தாள். ஏழு வாரம். ஆராதனை முடிந்ததும் சாப்பிடாமல் ரயிலேறி, இரண்டு மணிக்கெல்லாம் என் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாக மோந்து சொல்வாள். அவளை ஊக்கப்படுத்தலாம் என்று நானும் இடம் கொடுத்தேன். மூன்று மணிக்கு அதை நான் நல்ல தமிழில் வகுப்பில் சொல்வேன். கொய்யாவைக் கொய்யா என்று விட்டுவிடாமல் கொஞ்சம் மெருகு ஏற்றிச் சொல்வேன். அவள் கடைசி நாற்காலியில் ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருப்பாள். இப்போதுதான் சார் கிளாஸ் களை கட்டுகிறது என்று பக்தவச்சலம் ஒருநாள் பாராட்டினார்.

பாராட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஐப்பசி முதல் வாரத்தில் அவள் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னாள். உங்களுக்கு மூக்கு திரும்பக் கிடைக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன் அண்ணா என்றாள். முடிவு எடுத்தது அப்போதுதான். கோபத்தில் எடுத்ததல்ல. அவள் போனதும் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு, கூடத்தைப் பெருக்கிவிட்டு, நிதானமாக யோசித்தேன்.

மாமரத்துக்கு அடிக்கிற மருந்தில் மிச்சம் இருந்தால், தோப்பைப் பார்த்துக்கொள்ளும் கந்தன் அதை என் காலி ஒயின் பாட்டிலில் ஊற்றித் தக்கையை அழுத்திக் கொட்டகையில் வைப்பான். இந்தப் பக்கத்துத் தோப்புகளில் எல்லாரும் செய்வதுதான். நான் அவனைப் பல தடவை திட்டியிருக்கிறேன். ஐப்பசியில் திட்டுவதை நிறுத்தினேன். அந்த பாட்டிலை அவன்தான் தவறுதலாக வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டான் என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். அவன் உங்கள் முன்னால் அழுதானாம். எத்தனை சொல்லியும் கேட்காதவன், அழட்டும். ஆனால் கொண்டுவந்து வைத்தது நான். நாலு பாட்டிலில் இரண்டாவதாக வைத்தேன்.

அவளுடைய மூக்குதான் ஒரே தடை. காத்திருந்தேன். மழை பிடித்த மூன்றாம் ஞாயிறு அவள் நனைந்துகொண்டு வந்தாள்.

"மூக்கு சுத்தமா அடைச்சிகினு இருக்குதுண்ணா. இன்னிக்கு மோந்து சொல்ல முடியாது. வந்ததே தெண்டம்."

பரவாயில்லை, நாக்கால் பார்த்துச் சொல்லுங்கள், வாசனையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முதல் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றினேன். துவர்க்கிறது என்றாள். இரண்டாவதை ஊற்றினேன். அவள் வழக்கம்போல அண்ணாந்தாள். உதட்டில் வைத்து உறிஞ்சியிருந்தால் நாக்கு நுனி காட்டிக்கொடுத்திருக்கும், துப்பியிருப்பாள். மூன்று மாதம் ஆகியும் அவள் கற்றுக்கொள்ளாத பாடம் அது. நாக்குக்குத் தெரிவதற்குள் தொண்டையைத் தாண்டிவிட்டது.

அவள் கத்தவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். சந்தேகமான பார்வை என்று நான் எதிர்பார்த்தேன், அப்படி இல்லை. கையை நீட்டி அந்த பாட்டிலை என்னிடமிருந்து தூரமாகத் தள்ளினாள்.

"நீங்க குடிச்சிடாதீங்கண்ணா. உங்களுக்கு தெரியாது."

ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். மற்ற கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகு.

மூன்றாம் நாள் செத்தாள். அதற்கு முன்னால் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தாள். அண்ணன் மேல் தப்பில்லை, அவருக்கு வாசனையே தெரியாது, தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார் என்றாளாம். நீங்கள் அதை வாசித்துக் காட்டியபோது உங்கள் குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று ஆண்டவர் மேல் சத்தியம் செய்தவள். நான் அவளுக்கு என்ன செய்தேன் என்பது வேறு. சத்தியத்தை மீறியவள் அவள்.

இப்போது ஊர் முழுக்கத் தெரியும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பக்தவச்சலம் சொன்னது என் காதுக்கே வந்தது. "மோப்பமே இல்லாத ஆளுகிட்டயா நாலு மாசம் மூக்க நீட்டிகினு உக்காந்திருந்தோம்" என்று சொல்லிச் சிரித்தாராம். நிர்மலா நோட்டுப் புத்தகத்தை என் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் பாவம் என்கிறார்கள். இருபத்தாறு வருடம், மேடம். மூக்கு என்று கூப்பிட்டார்கள்.

ஆகையால் ஏட்டு தெளிவாக எழுதட்டும். இரண்டாவது பாட்டிலில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். தக்கையை எடுத்ததுமே மோந்து தெரிந்துகொண்டேன். தெரிந்தே ஊற்றி, தெரிந்தே தேவசுந்தரிக்குக் கொடுத்துக் கொன்றேன். என் மூக்குக்கு ஒன்றுமில்லை.

சாட்சி வேண்டும் என்கிறீர்கள். இருக்கிறது. அந்த பாட்டில் மாறிவிடக் கூடாது என்று கழுத்தில் கறுப்பு நூல் கட்டியிருந்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டேன். இதோ.

"வாசன தெரியும்னா, நூல் எதுக்குங்க கட்டுனீங்க?" என்று கேட்கிறீர்கள்.

நல்ல கேள்வி. ஒரு முன்னெச்சரிக்கைக்கு. அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

ஏன் ஏட்டு பேனாவை மூடிவிட்டு எழுந்திருக்கிறார்? உங்கள் டம்ளரையும் அவருடையதையும் எடுத்துக்கொள்கிறார். எதற்கு என்று நீங்களும்தான் பார்க்கிறீர்கள்.

"பாலு அடிபுடிச்சி ஒரே தீஞ்ச நாத்தம் மேடம். வாய்ல வைக்க முடியல. கடையில சொல்லி வேற வாங்கியாறேன்."

சொல்லிவிட்டு என் காலி டம்ளரைப் பார்க்கிறார். அப்புறம் என்னைப் பார்க்கிறார். நீங்களும் பார்க்கிறீர்கள். தேவசுந்தரி அடுப்பங்கரையில் பார்த்த பார்வை இது, என்னை யாரும் அப்படிப் பார்க்க வேண்டாம். டம்ளரைக் கொடுங்கள். இன்னொரு தடவை மோந்து பார்க்கிறேன்.

ஏலக்காய்தான், மேடம். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.